கறுப்பு முழியில் ஏறும் சதை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் கண் சிவப்பைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது ஒரே விஷயத்தைத்தான்: மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்பு முழியை நோக்கி ஏறும் சதை. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. முகத்துவாரத்தில் சின்ன வயதிலிருந்தே கடல் தொழில். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கமாகச் சதை போல ஒன்று வளர்ந்திருக்கிறது. வலது கண்ணில் அது கறுப்பு முழியின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கடலிலிருந்து வந்தால் கண் இரத்தச் சிவப்பு. அயலில் ஒருவர் கண்புரை என்கிறார், இன்னொருவர் புற்றுநோய் என்று பயமுறுத்துகிறார். அப்பாவோ வைத்தியசாலைப் பக்கம் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது டொக்டர்?
(ஒரு மகள், மட்டக்குளி)

மகள், முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது டெரிஜியம் என்று நாங்கள் சொல்கிற சதை வளர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். கிரேக்க மொழியில் சின்ன இறகு என்று அர்த்தம். என் அம்மாவின் தம்பியும் கடல் தொழில்தான், நீர்கொழும்புப் பக்கம். அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஈசலின் இறகு ஒன்றைப் பிய்த்து வெள்ளை முழியின் மேல் ஒட்டிவைத்தது போல ஒரு முக்கோணம், அதற்குள் சிவப்பாக நூல் நூலாக நரம்பு, அகன்ற பக்கம் மூக்கை ஒட்டி, கூர்ப் பக்கம் கறுப்பு முழிக்குள். மருத்துவ மாணவராகக் கண் பிரிவுக்குப் போய் முதன்முதலாக ஸ்லிட் லாம்ப் கருவிக்குள் பார்த்தபோது அதே இறகு பெரிதாகத் தெரிந்தது. மாமாவின் கண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கண்புரை இது இல்லை. கண்புரை என்பது கண்ணுக்கு உள்ளே இருக்கிற வில்லை மங்கிப்போவது, அது முற்றினால் கறுப்பு முழியின் நடுவில் இருக்கிற கண்மணி வெளியிலிருந்து பார்த்தாலே வெளுத்துத் தெரியும். இந்தச் சதை கண்ணின் மேற்பரப்பில் வளர்வது. வெள்ளை முழியைப் போர்த்தியிருக்கிற மெல்லிய தோல் தடித்து, நரம்போடி, தன் எல்லையைத் தாண்டி நகர்ந்து வருகிறது. புற்றுநோயும் இல்லை. ஆனால் கண்ணின் மேற்பரப்பில் வருகிற ஒருவகைப் புற்றுநோய் ஆரம்பத்தில் ஏறக்குறைய இதே மாதிரித் தோற்றத்தில் வரலாம், அதுவும் வெயிலோடு சம்பந்தப்பட்டதுதான். சில மாதங்களுக்குள் மளமளவென்று வளர்ந்தால், ஜெலி போலத் திரண்டு நின்றால், மேலே வெள்ளைச் செதில் போல ஒன்று படிந்திருந்தால், ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் இது சாதாரணச் சதைதான் என்று நீங்களோ நானோ கடிதத்தில் முடிவுசெய்யக் கூடாது. ஒரு கண் வைத்தியர் கருவியில் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சரி, ஏன் அப்பாவுக்கு வந்தது, அதுவும் ஏன் இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கமாகவே வந்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், மற்றக் கேள்விகளுக்கான பதிலும் இதற்குள்தான் கிடக்கிறது.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒருவரை நேரே பார்க்கச் சொல்லி, சின்ன டோர்ச் ஒன்றை அவருடைய காதுப் பக்கமாக, கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால் பிடித்து ஒரு நொடி அடித்துப் பாருங்கள். வெளிச்சம் விழுவது காதுப் பக்கம். ஆனால் பளிச்சென்று ஒரு புள்ளி எரிவது மறுபக்கத்தில், கறுப்பு முழியும் வெள்ளை முழியும் சந்திக்கிற மூக்குப்புற ஓரத்தில். கறுப்பு முழியின் மேல் மூடியிருக்கிற கண்ணாடி போன்ற வளைவு, பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்தை ஒரு பூதக்கண்ணாடி போலக் குவித்து அந்த ஓரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. மினாஸ் கொரோனியோ என்ற அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் 1990களில் இதை விளக்கினார். அந்த இடத்தில் வெளிச்சம் சுமார் 20 மடங்கு செறிவாக விழலாம் என்பது அவருடைய கணக்கு. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காய்ந்த இலையில் புகை வரவைத்திருப்பீர்கள், அதே வேலைதான். மறுபுறத்தில் மூக்கு ஒரு சுவர் போல நின்று மறைக்கிறது, அதனால் காதுப் பக்க ஓரத்துக்கு அந்த அளவு அடி விழுவதில்லை.

அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது? கறுப்பு முழியின் மேற்பரப்பை நாள்தோறும் புதுப்பிக்கிற மூல உயிரணுக்கள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. வேலி மாதிரி. வெள்ளை முழியின் தோல் இந்தப் பக்கம் வராமல் தடுப்பவையும் அவைதான். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் வருடக்கணக்காக அதே இடத்தில் விழ விழ வேலி பழுதாகிறது, வேலி விழுந்த இடத்தால் சதை உள்ளே ஏறுகிறது. காற்று, உப்பு, தூசி, புகை எல்லாம் இதைக் கிளறிவிடும், பரம்பரையும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அடிப்படைக் காரணம் வெயில்தான்.

இப்போது அப்பாவின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். இருட்டோடு கடலுக்குப் போகிறார், அந்த நேரம் ஒன்றுமில்லை. திரும்பி வருவது காலையில். நம்முடைய கரை மேற்குக் கரை, ஆகவே கரையை நோக்கிப் படகைத் திருப்பினால் முகத்துக்கு நேரே கிழக்கில் சூரியன், அதுவும் தாழ்வாக. கீழே தண்ணீர் பளபளக்கிறது, கடல் நுரை மட்டும் தன் மேல் விழுகிற புற ஊதாக் கதிரில் சுமார் 25 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, காய்ந்த கடற்கரை மணல் 15 சதவீதத்தை அனுப்புகிறது. மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் கீழேயிருந்தும் வெயில். அப்படி நாற்பது வருடம். பூமத்திய ரேகைக்கு இரண்டு பக்கமும் 37 பாகைக்குள் இருக்கிற நாடுகளில்தான் இந்தச் சதை அதிகம் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே கணித்திருக்கிறார்கள், கொழும்போ 7 பாகையில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் அலைச் சறுக்குக்காரருக்கு வருவதால் இதற்கு அவர்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். நம்முடைய மீனவருக்கு வருவதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்பாவை எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டீர்கள். வெட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பெரும்பாலான ஆண்கள் வராமல் இருக்கிறார்கள். அவரிடம் சொல்லுங்கள், காட்டப் போகிற எல்லோருக்கும் வெட்டுவதில்லை. சதை ஓரத்திலேயே நின்று, பார்வையைக் கெடுக்காமல், வளராமல் இருந்தால் கண் ஈரமாக இருக்கச் சொட்டு மருந்து, வெயிலுக்குப் பாதுகாப்பு, வருடத்துக்கு ஒரு தடவை அளந்து பார்ப்பது, அவ்வளவுதான். எப்போது சத்திரசிகிச்சை என்றால், சதை கண்மணியை நோக்கி நெருங்கும்போது, அல்லது கறுப்பு முழியை ஒரு பக்கமாக இழுத்து வளைவைக் கெடுத்து பார்வையைக் கலங்கடிக்கும்போது, அல்லது சிவப்பும் உறுத்தலும் எந்த மருந்துக்கும் அடங்காதபோது. லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, அங்கே பார்ப்பதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. காலையில் வெள்ளென போங்கள், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து.

அதுவரைக்கும் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிழலில் உட்காரவைத்து, வலது கண்ணை எடுக்கும்போது வலது காதுப் பக்கம் பார்க்கச் சொல்லி, கைபேசியில் கிட்டவாகப் படம் எடுங்கள். இடது கண்ணுக்கு இடது காதுப் பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம். சதையின் நுனிக்கும் கண்மணிக்கும் இடையில் எவ்வளவு கறுப்பு மிஞ்சியிருக்கிறது என்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இப்படி இரண்டு வருடப் படத்தைக் கைபேசியில் காட்டுகிற நோயாளி எனக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டுகிறேன். கண்ணில் சின்னதாகச் சதை இருக்கிறது. சிவந்தால் பாமசியில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவேன், விட்டதும் கண் வெள்ளையாகிவிடும். இரண்டு வருடமாக விடுகிறேன். இப்போது முன்பு மாதிரிக் கேட்பதில்லை, அடிக்கடி விடவேண்டியிருக்கிறது.
(ஒரு சாரதி, கொழும்பு 13)

தம்பி, இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் அந்தப் போத்தலைக் கையில் எடுத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாமசியில் சிவப்புக்கென்று கேட்டால் கொடுக்கிறவை பொதுவாக இரண்டு வகை. ஒன்று கண்ணில் சிவப்பாகத் தெரிகிற இரத்த நரம்பைச் சுருக்குகிற மருந்து. விட்டதும் கண் வெள்ளையாகும், மருந்து இறங்கியதும் நரம்பு முன்பைவிட அதிகமாக விரிந்து சிவக்கும், நீங்கள் மறுபடி விடுவீர்கள். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாக இருக்கலாம், அப்படியென்றால் நிறுத்தினால் சில நாள் கூடச் சிவந்து பிறகு தணியும்.

இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை. டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெதசோன் போன்ற பெயர்கள் போத்தலில் இருந்தால் அது ஸ்டீரோய்ட். நல்ல மருந்துதான், நாங்களே எழுதிக் கொடுக்கிறோம், சதை வீங்கிச் சிவந்திருக்கும்போது சில நாட்களுக்கு, அல்லது சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்கு, கண் அழுத்தத்தை அளந்துகொண்டே. வருடக்கணக்காகத் தானே விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி கிளோகோமா வரும். அதில் வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது, பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்ல அழிந்துகொண்டு வரும், போன பார்வை திரும்பி வராது. கண்புரையும் நேரத்தோடு வரும். சதையினால் கண் போனவர்களை நான் மிக மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். சதைக்கென்று விட்ட சொட்டு மருந்தால் பார்வை இழந்து என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவர் உங்களைப் போலவே வாடகை வாகனம் ஓட்டியவர். பக்கத்தில் வருகிற பஸ் தெரியவில்லை என்றுதான் வந்தார்.

ஆகவே இந்த வாரமே போய்க் கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். போத்தலையும் கொண்டுபோங்கள், வெறும் போத்தலாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு வருடமாக விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உறுத்தலுக்கு வேண்டுமென்றால் செயற்கைக் கண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள். அது கண்ணை நனைக்கும், வேறொன்றும் செய்யாது.

இன்னொன்று. ஓட்டோவுக்கு முன் கண்ணாடி இருக்கிறது, பக்கம் திறந்து கிடக்கிறது. காரில் போகிறவருக்குப் பக்கக் கண்ணாடியாவது புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும், உங்களுக்கு வெயில், தூசி, பஸ் புகை எல்லாம் நேரே கண்ணின் பக்கவாட்டில். மேலே டோர்ச்சை வைத்து ஒரு விஷயம் சொன்னேனே, அதே பக்கவாட்டு. கண்ணாடி போடாமல் ஓட்ட வேண்டாம். எந்த மாதிரிக் கண்ணாடி என்று அடுத்த கேள்வியில்.

கேள்வி: வெயிலுக்குக் கண்ணாடி போடச் சொல்கிறீர்கள். புறக்கோட்டை நடைபாதையில் விற்கிற கண்ணாடி போதுமா, ஆயிரக்கணக்கில் கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும்?
(ஒரு வாசகர், வத்தளை)

கறுப்புக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. நிறம் கண் கூச்சத்தைக் குறைக்கும், புற ஊதாக் கதிரைத் தடுப்பது கண்ணாடியின் பொருளும் பூச்சும். வெறும் நிறம் மட்டும் பூசிய கண்ணாடியைப் போட்டால் கண் இருட்டு என்று நினைத்துக் கண்மணியை விரித்துவிடும், நீங்களும் கூச்சமில்லாமல் இன்னும் ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்பீர்கள். யூவி 400 என்று எழுதியிருக்க வேண்டும் (யூவி என்றால் புற ஊதாக் கதிர்), ஆனால் ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். நடைபாதையில் வாங்கியதாக இருந்தாலும் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய் இதைச் சோதித்துத் தாருங்கள் என்று கேளுங்கள். பல கடைகளில் அதற்கென்று சின்ன மீற்றர் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. மலிவான கண்ணாடிகளில் நன்றாகத் தடுப்பவையும் உண்டு, விலையை வைத்துச் சொல்ல முடியாது. போலரைஸ்ட் என்று எழுதியிருந்தால் அது தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற பளபளப்பைக் குறைப்பதற்கு, புற ஊதாக் கதிருக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால் பொருளைவிட வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். சின்னச் சட்டம், பக்கத்தில் இரண்டு விரல் போகிற இடைவெளி என்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் காதுப் பக்கத்தால் வெயில் உள்ளே வந்து அதே மூக்கோரத்தில் போய்க் குவியும். கண்ணைச் சுற்றி வளைந்து நெற்றிப்பொட்டு வரைக்கும் வருகிற கண்ணாடி வேண்டும், புருவத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அதோடு சுற்றிவர விளிம்புள்ள தொப்பி, விளிம்பு ஏழெட்டு சென்டிமீற்றராவது. நல்ல தொப்பி மட்டுமே கண்ணுக்கு வருகிற புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும். கடலிலும் மணலிலும் தொப்பி மட்டும் போதாது, அங்கே வெயில் கீழேயிருந்தும் வருகிறது.

கறுப்புக் கண்ணாடி போட்டால் வேலை செய்ய முடியாது, மேஸ்திரி ஏசுகிறார் என்று கட்டட வேலை செய்கிறவர்கள் என்னிடம் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பழைய சோனகத் தெரு. அங்கே இருக்கிற ஹார்ட்வெயார் கடைகளில் வேலைத்தளத்துக்கென்று தெளிவான பொலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி விற்கிறார்கள், பக்கமும் மூடியது. பார்ப்பதற்கு நிறமே இல்லை, ஆனால் பொலிகார்பனேட் என்கிற பொருளே புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும், சீமெந்துத் தூசியும் உள்ளே வராது. வளைகுடாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் மணலிலும் வெயிலிலும் வேலை செய்துவிட்டு இரண்டு கண்ணிலும் சதையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தச் சின்னப் பொருளை ஆரம்பத்திலேயே யாராவது கையில் கொடுத்திருக்கக் கூடாதா என்று உண்மையாகவே மனம் வருந்துகிறது. இப்போது போகப் போகிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சூட்கேஸில் இரண்டு வைத்து அனுப்புங்கள்.

நேரம் எது என்று பலர் கேட்கிறார்கள். கைபேசியில் வானிலையைத் திறந்தால் யூவி இன்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும், 11-ஐ எட்டினால் மிக மோசம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பில் நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம், ஏப்ரல் முதற் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. தோலுக்கு அந்த நேரம்தான் ஆபத்து. கண்ணுக்குக் கணக்குக் கொஞ்சம் வேறு. உச்சியில் சூரியன் நிற்கும்போது புருவ எலும்பே கண்ணுக்குக் கூரை போல மறைக்கும். காலை 8 மணியிலிருந்து 10 மணி வரைக்கும், பிறகு மாலை 2 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் சூரியன் சரிந்து நிற்கிறது, அப்போதுதான் பக்கவாட்டில் நேரே கண்ணுக்குள் வரும். ஆகவே பதினொரு மணிக்குப் பிறகு போடுவோம் என்று கண்ணாடியைப் பையில் வைத்திருக்காதீர்கள். மெல்லிய மேகம் இருந்தாலும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும், சூடு தெரியாததால் நாம் கவனிப்பதில்லை.

கேள்வி: 34 வயது, ஆசிரியை. வெள்ளை முழியில் மூக்குப் பக்கமாக மஞ்சளாக ஒரு சின்னப் புள்ளி, கொஞ்சம் மேடாக இருக்கிறது. இதுவும் சதைதானா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

கறுப்பு முழிக்குள் போகாமல் வெள்ளையிலேயே நிற்கிறதென்றால் அது பிங்குவெக்கியுலா. இதற்கும் காரணம் வெயிலும் காற்றும்தான், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் இது பொதுவாக ஒன்றும் செய்யாது, வெட்டவும் தேவையில்லை. எப்போதாவது சிவந்து உறுத்தினால் காட்டுங்கள். கண் வைத்தியரிடம் ஒருதடவை காட்டி உறுதிப்படுத்திக்கொண்டு, மரின் டிரைவில் மாலை நடைக்குப் போகும்போது கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே அந்த நேரத்தில் சூரியன் கடலுக்கு மேலே பக்கவாட்டில்தான் நிற்கிறது.

கேள்வி: என் மாமியாருக்குச் சதையை வெட்டி எடுத்தார்கள். எட்டு மாதத்தில் திரும்ப வளர்ந்து, முன்பைவிடத் தடிப்பாகச் சிவந்து நிற்கிறது. வெட்டினால் வளரத்தான் செய்யும் என்று எல்லோரும் சொல்வது சரிதானா? மறுபடி வெட்டலாமா? அவருக்கோ ஒரே பயம்.
(ஒரு மருமகள், தெஹிவளை)

பாதி சரி. எப்படி வெட்டினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சதையைச் சீவி எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால், 100 பேரில் 30 பேருக்கு மேல், சில இடங்களில் 80 பேர் வரைக்கும்கூட, திரும்ப வளர்கிறது. திரும்ப வருகிற சதை முதலில் வந்ததைவிட முரட்டுத்தனமானது, மாமியாருக்கு நடந்திருப்பது அதுதான். வெட்டிய இடத்தில் அதே கண்ணின் மேல் இமைக்குக் கீழே, வெயில் படாத பகுதியிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால் திரும்ப வளர்வது பெரும்பாலும் 15 பேருக்குள் நின்றுவிடுகிறது. விழுந்த வேலியைத் திரும்பக் கட்டுகிற மாதிரி. மேல் இமை மூடியிருப்பதால் அங்கே இருக்கிற தோல் இத்தனை வருடமும் வெயில் படாமல் நல்லபடியாக இருக்கும். அதைத் தையல் போட்டும் ஒட்டலாம், பிசின் போன்ற ஒரு பொருளை வைத்தும் ஒட்டலாம், பிசின் என்றால் நேரமும் குறைவு, பிறகு உறுத்தலும் குறைவு. திரும்ப வளர்ந்த சதைக்கு மைட்டோமைசின் என்ற மருந்தைக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவுவதும் உண்டு, அளவு பிசகினால் வெள்ளை முழி கரைந்துபோகக்கூடிய மருந்து அது, அனுபவமுள்ளவர் கையில்தான் இருக்க வேண்டும்.

மறுபடி வெட்டலாம். ஆனால் உடனே ஓடாதீர்கள், சிவப்பு அடங்கட்டும். இந்த முறை போகும்போது நீங்களும் கூடப் போய், தோல் வைத்து ஒட்டுவீர்களா, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று இரண்டையும் வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்று நம் ஆட்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கோபிக்க மாட்டார்கள். கேட்காத குறைக்கு உங்கள் மாமியார் இரண்டாம் தடவை படுக்க வேண்டியிருக்கிறதே.

பயத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், கண்ணை மட்டும் விறைக்கச் செய்வார்கள், அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். முதல் இரண்டு மூன்று நாள் கண்ணில் மணல் விழுந்தது போல நன்றாக வலிக்கும், இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் ஏதோ பிழைத்துவிட்டது என்று நடுங்கிப்போவார். சொட்டு மருந்தை வாரக்கணக்காகச் சொன்னபடி விட வேண்டும், இடையில் நிறுத்தவும் கூடாது, முடிந்த பிறகு தொடரவும் கூடாது. திரும்ப வளர்வதென்றால் ஏறக்குறைய எப்போதும் முதல் ஒரு வருடத்துக்குள்தான், அந்த வருடம் முழுக்கக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். வெளியே போனால் கண்ணாடியும் தொப்பியும். பழைய மூக்குக்கண்ணாடியின் பவரும் மாறியிருக்கும், சில மாதம் கழித்துப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச் சாறு இவற்றில் ஏதாவது விட்டால் சதை கரையும் என்று எங்கள் அம்மம்மா சொல்கிறார். உண்மையா?
(ஒரு வாசகி, பம்பலப்பிட்டி)

கரையாது, தங்கச்சி. எந்தச் சொட்டு மருந்தும்கூட வளர்ந்த சதையைக் கரைப்பதில்லை, நாங்கள் கொடுப்பதும் சிவப்பையும் உறுத்தலையும் அடக்குவதற்குத்தான். கழுவாத பூவையும் கையையும் கண்ணில் கொண்டுபோய் வைத்தால் கறுப்பு முழியில் கிருமி தொற்றிப் புண் வரும், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும். கண்ணில் பூ விழுந்தது என்று சொல்வார்களே, அதுதான். அம்மம்மா அன்பில் சொல்கிறார், அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், கண்ணில் மட்டும் விட வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 11 வயது, கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். எனக்கும் என் தகப்பனாருக்கும் இந்தச் சதை இருக்கிறது. அவனுக்கும் வருமா? இப்போதே கண்ணாடி போடலாமா?
(ஒரு தகப்பன், கொச்சிக்கடை)

இந்த வயதில் சதை வருவது மிக அரிது, இருபதுக்குப் பிறகுதான் தலைகாட்டும். ஆனால் வேலி பழுதாகத் தொடங்குவது இந்த வயதில்தான். குடும்பத்தில் இருக்கிறதென்றால் அவனுக்கு வரக்கூடிய வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம், ஆகவே நீங்கள் கேட்டது நல்ல நேரத்தில்.

கண்ணாடி போடலாம், பந்து பட்டால் உடையாத பொலிகார்பனேட்டாக இருக்கட்டும். பதினொரு வயதுப் பையன் கண்ணாடியோடு விளையாட மாட்டேன் என்று அடம்பிடிப்பான், அப்படியென்றால் முன்னால் மட்டும் நீண்ட கிரிக்கெட் கேப்பை விட்டு, டெஸ்ட் விளையாடுகிறவர்கள் களத்தடுப்புக்குப் போகும்போது போடுகிற சுற்றுவிளிம்புத் தொப்பியை வாங்கிக் கொடுங்கள். கேப் நெற்றியை மறைக்கும், பக்கத்தை மறைக்காது. பயிற்றுநரிடமும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அவன் ஒருவன் மட்டும் போட்டால் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவான், ஆறு ஏழு பேர் போட்டால் அவனும் போடுவான். நீங்கள் மைதானத்து ஓரத்தில் நின்று பார்க்கும்போது உங்களுக்கும் ஒன்று, அதையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் சதை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதவில்லையே, அந்த ஜன்னலோரப் படத்தை எடுத்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள்.